தம்பிக்கு, மாதாமாதம்

"யாரு இந்தத் தம்பி?"

லேப்டாப்பை மனைவி பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் கேட்டார். குரல் உயரவில்லை.

அவள், அவர் முன்னால் இருந்த டீ டம்ளரை எடுத்து ஜன்னலோரம் வைத்தாள். அப்புறம்தான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மனுஷர் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்து, வயசுக்கு முன்னாடியே ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டோடு இருப்பவர். வேலையை விட்டாலும் பழக்கம் விடுமா. வாடகை, கரண்ட் பில், இன்சூரன்ஸ் என்று எல்லாவற்றையும் அந்த லேப்டாப்பில் மாதாந்திர என்ட்ரியாகப் போட்டு வைத்திருக்கிறார். தேதி வந்தால் பேங்கிலிருந்து பணம் தானாகப் போய், கணக்கிலும் ஏறிவிடும்.

மாசம் பிறந்தால் போதும், அடுத்து என்னென்ன போகப்போகிறது என்று வரி வரியாகப் பார்க்க உட்கார்ந்துவிடுவார். கணக்கு விஷயத்தில் பெற்ற தாயே வந்து சொன்னாலும் பில் எங்கே என்று கேட்கிற ஆள்.

இன்று வாடகைக்கும் கரண்ட் பில்லுக்கும் நடுவில் அது இருந்தது. தம்பி. வாடகையைவிடப் பெரிய தொகை. மாதாமாதம். அடுத்தது நாளைக்கு.

"உங்க வீட்டுல நீ ஒத்தைப் பொண்ணு. எங்க வீட்டுல நான்தான் கடைக்குட்டி. ரெண்டு பக்கமும் இல்லாத தம்பி எங்கேருந்து குதிச்சான்?"

"கொஞ்சம் நிதானமா பேசுங்க."

"நிதானமாத்தான் கேக்கறேன். இதை நான் போடல. வீட்டுல மிச்சம் இருக்கறது நீ ஒருத்திதான்."

"நான்தான் போட்டேன்."

இல்லவே இல்லை என்று சாதிப்பாள் என நினைத்திருந்தார். அவள் இப்படிப் பட்டென்று ஒப்புக்கொண்டதும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நேத்து பால்கனியில நின்னு போன்ல 'சாப்பிட்டியா தம்பி, தூங்கினியா தம்பி'ன்னு குழைஞ்சியே. இவன்தானா அது?"

"ஆமா. இவன்தான்."

"எத்தனை நாளா பணம் போகுது?"

"மூணு வருஷமா."

மேஜையை ஓங்கி அறைந்தார். பேனா துள்ளிப் போய்க் கீழே விழுந்தது. டம்ளர் ஜன்னலோரம் பத்திரமாக இருந்தது.

"என் காதுல பூ சுத்தாதே. இந்த என்ட்ரியை உருவாக்கினது போன மாசம் ஒண்ணாம் தேதின்னு இங்கேயே போட்டிருக்கு. அதுக்கு முன்னாடி இந்த மாதாந்திர லிஸ்ட்டுல இப்படி ஒரு என்ட்ரியே கிடையாது. பொய்யைக்கூட ஒழுங்கா சொல்ல வரல உனக்கு."

அவள் குனிந்து பேனாவை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

அவரோ கல்யாணமான நாளிலிருந்து ஒருத்தருக்கொருத்தர் ஒரு காசு மறைத்ததில்லை என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொண்டவர். பணம் போனால் போகட்டும். தனக்குத் தெரியாமல் இவளுக்கென்று ஒருத்தன் இருக்கிறான் என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும். யாருன்னு சொல்லு. இல்லேன்னா இந்த வீட்டை விட்டு நான் கிளம்பறேன்."

"நான் சொன்னா நம்ப மாட்டீங்க."

"நம்பற மாதிரி சொல்லேன்."

"பொண்ணுக்குப் போன் போட்டுக் கேளுங்க."

"அவளுக்கும் தெரியுமா? தாயும் மகளுமா சேர்ந்துக்கிட்டுத்தான் என்னை முட்டாளாக்கறீங்களா?"

ஆத்திரத்தில் அந்த வரியைத் தேர்ந்தெடுத்து, நீக்கு என்று கொடுத்தார். 'இனி வரும் மாதங்களுக்கும் நீக்கவா?' என்று கேட்டது லேப்டாப்.

"வேண்டாங்க. நாளைக்குப் பணம் போகலைன்னா அவன் சிரமப்படுவான்."

அவன் சிரமப்படுவானாம். அவருக்கு அந்த ஒரு வார்த்தையே போதுமாக இருந்தது. ஆமாம் என்பதைத் தட்டினார். வரி போய்விட்டது. வாடகைக்குக் கீழேயே கரண்ட் பில் வந்து நின்றது.

அதே சூட்டோடு, வெளியூரில் இருக்கும் மகளைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். மணி அடித்ததுமே எடுத்துவிட்டாள்.

"உங்க அம்மா பண்ற கூத்தைக் கேட்டியா? எவனோ தம்பியாம். மாசாமாசம் அவனுக்குப் பணம் அனுப்பறா. யாருன்னு கேட்டா உன்னைக் கேக்கச் சொல்றா."

மகள் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னாள்.

"அப்பா, அது என் தம்பிப்பா. உங்க பையன். காலேஜ் ஹாஸ்டல்ல இருக்கான். அவன் பிறந்ததுலேருந்து நம்ம வீட்டுல எல்லாரும் அவனைத் தம்பின்னுதானே கூப்பிடறோம்."

அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. மனைவியின் முகத்தையே பார்த்தார்.

"எனக்குப் பையன் இருக்கானா?"

அவள் தலையாட்டினாள். எழுந்து வந்து அவர் தோள்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, மறு கையால் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள். புதிய மாதாந்திர என்ட்ரி என்பதைத் திறந்து, தம்பி என்று அடித்தாள்.

போனில் மகளின் குரல் தணிந்து வந்தது.

"என்னம்மா, இந்த மாசமும் அழிச்சிட்டாரா?"