ஒருபோதும் செய்யமாட்டேன்

"நீ கண்ணை மூடிக்கிட்டுப் படு அக்கா. நான் படிக்கிறேன், நீ பதில் மட்டும் சொல்லு" என்று நாரேயின் கையிலிருந்து டேப்லெட்டைப் பிடுங்கிக்கொண்டான் கியுமின்.

அவள் கண்கள் சிவந்துபோயிருந்தன. காலையிலிருந்து திரையில் அடுக்கி வைத்த கட்டைகளை எண்ணியும், பிரித்துப் போட்ட பெட்டிகளை மனதுக்குள் மடித்தும் ஓய்ந்திருந்தாள். ராணுவ அதிகாரி வேலைக்கான ஆன்லைன் திறனறித் தேர்வு சனிக்கிழமை. போன வருடம் நான்கு மதிப்பெண்ணில் கைநழுவிப் போயிற்று. இருபத்தேழு வயதாகிவிட்டது. இதுதான் கடைசித் தடவை.

குளிருக்காகச் சூடேற்றிய தரையில் மல்லாந்து படுத்து, ஈரத்துணியைக் கண்மேல் போட்டுக்கொண்டாள்.

மாதிரித் தேர்வில் மிச்சமிருந்தவை சூழ்நிலைக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு கட்டங்கள். ஒன்று, 'நிச்சயம் செய்வேன்'. இன்னொன்று, 'ஒருபோதும் செய்யமாட்டேன்'.

"கேட்டுக்கோங்க, லெப்டினன்ட் மேடம்" என்று கியுமின் தொண்டையைச் செருமினான். கட்டாய ராணுவ சேவையை முடித்து அவன் சொந்த ஊர் வொன்ஜுவுக்குத் திரும்பி ஏழு மாதம் ஆகிறது. முடி இன்னும் முழுதாக வளரவில்லை என்று அம்மா கேலி செய்வாள்.

கேள்வியை நிதானமாக வாசித்தான். புதிதாகச் சேர்ந்த வீரன் ஒருவன் உங்களிடம் தனியாக வந்து, மூத்தவர்கள் தன்னைத் தினமும் அடிப்பதாகச் சொல்கிறான். நீங்கள் அவனுடைய அதிகாரி. என்ன செய்வீர்கள்?

ஒன்று, உடனே அவனை அவர்களிடமிருந்து பிரித்துவிட்டு மேலிடத்துக்குத் தெரிவிப்பேன். இரண்டு, இரு தரப்பையும் கூப்பிட்டுச் சமாதானம் செய்து வைப்பேன். மூன்று, ஆதாரம் கொண்டுவரச் சொல்வேன். நான்கு, கொஞ்ச நாள் கவனித்துப் பார்ப்பேன்.

ஒரு மூச்சு விட்டு, அதே குரலில் தொடர்ந்தான். ஐந்து, 'எல்லாருக்கும் இப்படித்தான். பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு, நாள் ஓடிடும்' என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

"செய்வேன், ஒண்ணு. செய்யவே மாட்டேன், அஞ்சு." நாரே துணிக்கடியில் சிரித்தாள். "அஞ்செல்லாம் ஒரு பதிலாடா? அப்படிச் சொல்றதும் ஒரு மனுஷ ஜென்மமா?"

"உறுதியா?"

"நேரம் ஓடுதுடா, போடு."

அவன் டேப்லெட்டைக் கீழே வைத்தான். தண்ணீர் கொதிக்கிறது என்று முணுமுணுத்துவிட்டு அடுப்படிக்குப் போனான்.

சரியான விடையைப் பார்த்துவிடலாம் என்று நாரே துணியை விலக்கி டேப்லெட்டை எடுத்தாள்.

'நிச்சயம் செய்வேன்' கட்டத்தில் ஒன்று விழுந்திருந்தது. 'ஒருபோதும் செய்யமாட்டேன்' காலியாக இருந்தது.

மேலே இருந்த விடைகள் நான்குதான்.

திரையைக் கீழே தள்ளிப் பார்த்தாள். மேலே இழுத்துப் பார்த்தாள். நான்கேதான்.

யாரும் சொல்லக்கூடிய வார்த்தைதானே, ஊரில் எல்லாரும் சொல்வதுதானே என்று முதலில் ஒரு நினைப்பு ஓடியது. ஓடிய வேகத்தைப் பார்த்து அவளுக்கே முகம் எரிந்தது.

முந்தின குளிர்காலம், கியுமின் ராணுவத்தில் இருந்த சமயம். சிநேகிதியின் கல்யாணத்துக்காகச் செருப்புக் கடையில் உட்கார்ந்திருந்தாள். போன் தோளுக்கும் காதுக்கும் நடுவில். அக்கா, இங்க ரொம்பக் கஷ்டமா இருக்கு என்றான் கியுமின். எல்லாருக்கும் இப்படித்தான் என்றாள் அவள். பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு, நாள் ஓடிடும் என்றாள். சரிக்கா என்றவன், சாப்பிட்டியா என்று கேட்டான். கடைக்காரப் பெண் காத்திருக்கிறாள் என்று இவள் போனை வைத்துவிட்டாள்.

வாங்கிய செருப்பின் நிறம் நன்றாக ஞாபகம் இருந்தது. சாம்பல். குதிகாலில் சின்ன வார். அதைப் போட்டுக்கொண்டு எடுத்த படங்களைக்கூட அன்றே அவனுக்கு அனுப்பியிருந்தாள்.

கியுமின் சின்ன மேசையில் இரண்டு கிண்ணம் ராம்யோன் நூடுல்ஸ் கொண்டுவந்து வைத்தான். ஜன்னல் பக்கமாக உட்கார்ந்தான். அவள் கையில் டேப்லெட்டைப் பார்த்தான்.

"நான் அப்படியாடா சொன்னேன்?" தெரிந்துகொண்டேதான் கேட்டாள்.

"ரெண்டே பேர்கிட்டதான்க்கா சொன்னேன். மொதல்ல அங்க இருந்த அதிகாரிகிட்ட. அப்புறம் உன்கிட்ட. ரெண்டு பேரும் பேசி வெச்ச மாதிரி அதே வார்த்தை."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். கிம்ச்சி ஊறுகாய் டப்பாவைத் திறந்து அவள் பக்கம் நகர்த்திவிட்டு, குனிந்து சாப்பிட ஆரம்பித்தான்.

நாரேயால் சாப்பிடும் குச்சியைக் கையில் எடுக்க முடியவில்லை. பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்க்கும் தைரியம் இல்லாமல், கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே, "மன்னிச்சிடுடா" என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தம்பியிடம் சொன்னாள்.

அவன் உறிஞ்சிக் குடித்துக்கொண்டே இருந்தான். திரும்பவில்லை.

மன்னிக்க மாட்டான் போலிருக்கிறது, நியாயம்தான் என்று நினைத்தாள்.

பிறகுதான் அவனுக்கு எந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது உறைத்தது. அது இடது பக்கம். அந்தக் காது ராணுவத்துக்குப் போய் வந்ததிலிருந்து கேட்பதில்லை. பனியில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று அவன் சொன்னான். வீட்டில் யாரும் மேலே கேட்கவில்லை. அவளும்தான்.

நாரே எழுந்தாள். மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, தம்பியின் வலது பக்கம் உட்கார்ந்தாள்.