விடை

துணைப்பாட நாவலில் மகன் வாசல் தாண்டியதும், தாய் கொதிக்கும் உலையை விட்டுவிட்டு அவன் பின்னால் கிணற்றடிக்கு ஓடுகிறாள். அவன் சாகத்தான் போகிறான் என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது என்பது வினா.

"தாய்ப்பாசம்னு எழுதுடீ, மிஸ் டிக் போட்டுரும்," என்றாள் ஜெசிந்தா.

வான்மதியால் அப்படி எழுத முடியவில்லை. போன மாதம் அண்ணன் ரயில் முன் பாய்ந்தான். அவன் கிளம்பும்போது வீட்டில் இருந்தவள் அவள்தான். பாசம் அவளுக்கும் இருந்தது, ஆனால் ஓடவில்லை. தாயின் காதில் விழுந்து தன் காதில் விழாதது எது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். மகன் வெளியே கிளம்பும் பக்கங்களை எல்லாம் தேடிப் படித்தாள். எங்கும் "போயிட்டு வரேம்மா" என்கிறான். கடைசியில் மட்டும் "போறேம்மா" என்கிறான். அண்ணனும் "போறேன் பாப்பா" என்றுதான் சொன்னான். அவள் போனிலிருந்து நிமிராமல் "ம்" கொட்டினாள்.

வினாவுக்குக் கீழே எழுதினாள்: அவன் வருவதாகச் சொல்லவில்லை.