தொண்ணூறாம் நாள்

“அழிச்சிடட்டுமா அக்கா? ஒரு பட்டன்தான்.”

“கையை எடுடா.”

தம்பி கையை எடுத்தான். காலை ஒன்பது மணி. இரண்டு மேசை, ஒரு மின்விசிறி, சுவரோரம் உறுமிக்கொண்டிருக்கும் நான்கு சர்வர்கள். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம் என்று நடக்கிற இணையக் கலைக்களஞ்சியத்தின் அலுவலகம் அவ்வளவுதான். தம்பி அதன் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவன். அக்கா வக்கீல், கட்டணம் வாங்காமல் அதன் வழக்கைப் பார்த்துக்கொள்பவள்.

ஒரு தனியார் ஆஸ்பத்திரியைப் பற்றிய பக்கத்தில் யாரோ மூன்று வரி சேர்த்திருந்தார்கள். ஒருவருக்குப் போட்ட டயாலிசிஸ் ஃபில்டரைக் கழுவி அடுத்தவருக்குப் போடுகிறார்கள் என்று. ஆதாரமாக அரசு ஆய்வறிக்கை ஒன்றின் பக்க எண்ணும் இருந்தது.

ஆஸ்பத்திரி முதலாளி அந்த வரிகளை மறுக்கவில்லை. எழுதியது யார் என்று மட்டும் கேட்டு வழக்குப் போட்டார். எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து எழுதப்பட்டது என்ற பதிவு சர்வரில் இருந்தது. அது முதலாளி கைக்குப் போனால் போதும், ஆள் அகப்பட்டுவிடும்.

எழுதியவரிடமிருந்து ஒரே ஒரு கடிதம் வந்திருந்தது.

‘நான் அங்கே நர்ஸ். மூன்றாம் மாடி நர்ஸ் அறையிலிருந்துதான் எழுதினேன். அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர். இன்னொருத்திக்கு டைப் அடிக்கத் தெரியாது. வீட்டில் என் ஒரு சம்பளம்தான்.’

களஞ்சியத்தின் விதிப்படி அந்தப் பதிவுகள் தொண்ணூறு நாளில் தானாக அழிந்துவிடும். இன்று பகல் பன்னிரண்டுக்குத் தொண்ணூறு முடிகிறது. பத்தரைக்கு கோர்ட்டு.

“பன்னிரண்டுக்கு அழியப்போறதை ஒன்பதுக்கு அழிச்சா என்ன?”

“ஒன்பதுக்கு அழிச்சா அது சாட்சியத்தை அழிக்கிறது. நீ உள்ளே போவ, நான் கோட்டைக் கழட்டணும். தானா அழிஞ்சா அது விதி. அழிக்காதேன்னு கோர்ட்டு சொல்ற வரைக்கும்தான் அதுவும்.”

“இன்னிக்கு அவங்க அதைக் கேட்டுட்டா?”

“வெச்சிருக்கணும். அப்புறம் குடுக்கணும்.”

“அந்த நர்ஸு?”

அக்கா கோப்பைக் கட்டினாள்.

“தொண்ணூறு நாள் விஷயம் அவங்களுக்குத் தெரியாதுல்ல?”

“தெரியும். நான் போட்ட பதில் மனுவுல நாலாம் பக்கத்துல எழுதியிருக்கேன்.”

“உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா அக்கா?”

“கோர்ட்டுல மறைக்கக் கூடாதுடா. கிளம்பு.”

ஆஸ்பத்திரி தரப்பு வக்கீலுக்குக் கோர்ட்டு வராந்தாவில் ‘வாய்தா மாமா’ என்று பெயர். இந்த வழக்கிலேயே இரண்டு முறை தள்ளிப்போட்டுவிட்டார். இன்று முதலாளியே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். இன்றாவது கேட்டுவிடுவார் என்றுதான் அக்காவுக்கும் தோன்றியது.

பதினொன்றே காலுக்கு வழக்கைக் கூப்பிட்டார்கள். மாமா எழுந்தார். ஆஸ்பத்திரிக்கு அஸ்திவாரம் போட்ட நாளிலிருந்து ஆரம்பித்தார். எத்தனை படுக்கை, எத்தனை டாக்டர், எத்தனை லிஃப்ட்.

“இந்த ஆள் லிஃப்டுலயே இருக்கணும் கடவுளே,” என்றான் தம்பி, பின்னாலிருந்து.

“வாயை மூடு.”

பதினொன்று ஐம்பது. நீதிபதி பேனாவை வைத்தார்.

“இதெல்லாம் மனுவுலயே இருக்கு. இன்னிக்கு உங்களுக்கு என்ன உத்தரவு வேணும், அதைச் சொல்லுங்க.”

மாமா அக்காவின் பதில் மனுவைக் கையில் எடுத்தார். முதல் பக்கம். இரண்டாம் பக்கம். மூன்றாவது. நான்காவதில் நின்றார். விரலை வைத்து வரிவரியாகப் படித்தார். தம்பியின் கால் ஆடி ஆடி பெஞ்சே ஆடியது.

“எதிர்த்தரப்பு பதில்ல முக்கியமான விஷயங்கள் இருக்கு,” என்றார் மாமா. “விவரமா மறுப்பு எழுதணும். ரெண்டு வாரம் வாய்தா குடுத்தா நல்லது.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி பெருமூச்சு விட்டார்.

“இதுதான் கடைசி. மறுபடி கேட்டா தர மாட்டேன்.”

அடுத்த வழக்கு போய்க்கொண்டிருந்தபோது தம்பியின் சட்டைப்பையில் ஃபோன் அதிர்ந்தது. சர்வர் அனுப்பிய ஒரு வரி: தொண்ணூறு நாளான பதிவுகள் அழிக்கப்பட்டன. அவன் சத்தம் போடாமல் அக்காவின் முழங்கையைக் கிள்ளினான். நகம் பதிகிற அளவுக்குக் கிள்ளினான். அவளும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

வராந்தாவில் முதலாளி வக்கீலின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். “லிஃப்டைக்கூட விடாமச் சொன்னீங்க சார்.”

மாடிப்படி ஜன்னலோரம் வந்ததும் தம்பி வெடித்துச் சிரித்தான்.

“நாலாம் பக்கத்தை விரிச்சு வெச்சுக்கிட்டே வாய்தா கேட்டாரு பாரு! மரமண்டை. அழிக்காதேன்னு ஒரு வரி கேக்கத் தெரியலையே. அந்த உத்தரவைப் பத்தி நம்ம களஞ்சியத்துலயே பக்கம் இருக்கு அக்கா. அனுப்பி வைக்கட்டுமா? படிச்சுத் தேறட்டும்.”

“சும்மா இருடா. வயசானவர்.”

அவன் அதற்குள் தேடி எடுத்துவிட்டான். படித்தான். சிரிப்பு நின்றது.

“அக்கா.”

“என்ன?”

ஃபோனை நீட்டினான். ‘வழக்குப் போடுகிறவர் முதல் நாளே கேட்டுப் பெற வேண்டிய உத்தரவு இது’ என்று அந்தப் பக்கம் தொடங்கியது. களஞ்சியத்தில் எந்தப் பக்கத்தை யார் எழுதினார்கள் என்று ஒரு பட்டியல் இருக்கும். பெரும்பாலோர் புனைபெயரில் ஒளிந்துகொள்வார்கள். இந்தப் பக்கத்தை ஒன்பது வருஷமாக ஒரே ஆள் எழுதி, திருத்தி, பார்த்துப் பார்த்து வளர்த்திருந்தார், சொந்தப் பெயரில்.

ஜன்னலுக்குக் கீழே, அந்தப் பெயருக்குரிய வாய்தா மாமா முதலாளியைக் காரில் ஏற்றி, மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்.