கல்யாண டை

“அவரு போன பெறகு பெட்டியத் தொறந்தேன், இது இருந்துச்சு. எந்த வருசத்து டைன்னு சொல்லுங்க தம்பி.”

கன்னிவாடி பஸ்ஸில் நின்றே வந்த களைப்போடு உட்கார்ந்தார் ஆரோக்கியமேரி. கூட வந்தவள் வாசலிலேயே நின்றாள்.

பழைய டைகளைச் சேகரிக்கும் ஜெரோம் லேபிளைப் படித்தார்.

“கடை விலாசத்துல பின்கோடு இருக்கும்மா. பின்கோடு வந்ததே எழுபத்திரண்டுலதான். அதுக்கு முந்தினதா இருக்காது.”

“எங்க கல்யாணம் அறுபத்தெட்டுல.”

“அப்ப இது கல்யாண டை இல்லம்மா.”

“கல்யாண டைதான் தம்பி.”

ஆரோக்கியமேரி டையை வாங்கிக்கொண்டு எழுந்துபோய் வாசலில் நின்றவள் கையில் கொடுத்தார்.

“நீ சொன்னது நெசந்தான் தாயி. உன்னையக் கட்டுனப்பப் போட்டதுதான். நாளைக்கு முப்பதாம் நாள் பூசையில நீயும் எம்பக்கத்துல உக்காரு.”