ஜூடித்தின் முதல் பிறந்தநாள்

"முதல் பிறந்தநாள்தானே, பவுலின். ஒரு பாயசம் வச்சு வீட்டோட முடிச்சுக்கயேன். கேக்கு, புலாவு, தெருவுல பாதிப் பேரைக் கூப்பிடறது, இதெல்லாம் எதுக்கு இந்த யுத்த காலத்துல?"

இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்த நாத்தனார் யூனிஸ் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. 1943 ஆகஸ்டில் பெங்களூரில் சர்க்கரை கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்தது. மைதாவைக் கண்ணால் பார்த்து மாதக்கணக்காகிவிட்டது. பவுலின் ஆஸ்பத்திரியில் நர்ஸ். புருஷன் ரெமிஜியஸுக்கு ராணுவ உடுப்பு தைக்கும் இடத்தில் வேலை, தினம் ஓவர்டைம். அந்த பிரேசர் டவுன் வீட்டில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதே ஞாயிற்றுக்கிழமைதான்.

"இல்லக்கா, இது நடந்தே ஆகணும். அவ இருக்கறதுக்கு நாலு பேர் சந்தோஷப்படறாங்கன்னு அவளுக்குத் தெரியணும்."

"ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டா யாரு சமைக்கறது? என்னை நம்பாத. முட்டி வலி உயிர் போகுது."

"உங்களுக்குக் கஷ்டம் குடுக்க மாட்டேன்க்கா."

"அந்தப் பிள்ளைக்காக நீங்க படற பாடு இருக்கே," என்று முனகிக்கொண்டே யூனிஸ் போய்விட்டாள்.

ஒரு மாதமாகப் புருஷனும் பெண்டாட்டியும் சர்க்கரை இல்லாமல் காபி குடித்தார்கள். மைதாவுக்குப் பதில் ரவை. முட்டைக்கு வீட்டுக் கோழிகள். பிறந்தநாளன்று காலை வேலைக்குக் கிளம்பும்முன் ரவையை வறுத்து, ஏலக்காய் பொடித்து, தேங்காய் துருவி வைத்துவிட்டாள் பவுலின். இரண்டு மணிக்கு டூட்டி முடியும். நான்கு மணிக்குள் கேக், அதன் பின் புலாவு. ஐந்து மணிக்கு எல்லாரையும் வரச் சொல்லியிருந்தாள்.

இரண்டு மணிக்கு அவள் ஏப்ரனைக் கழற்றும்போது, காயம்பட்ட சிப்பாய்களோடு ரயில் வந்துவிட்டது. வராந்தாவெல்லாம் ஸ்ட்ரெச்சர்கள். ஏப்ரனை மறுபடி கட்டிக்கொண்டாள்.

ஸ்டேஷனுக்குத் திரும்பிய ஆம்புலன்ஸ் டிரைவரிடம் வீட்டுக்கு ஒரு சீட்டு மட்டும் கொடுத்தனுப்பினாள். அன்று அரை நாள் லீவு போட்டிருந்த ரெமிஜியஸ், வெந்நீர் தவிர வேறெதையும் அடுப்பில் வைத்தறியாதவர். 'முட்டையைச் சர்க்கரையோடு நுரை வர அடித்து ரவையில் கலக்கவும். பெரிய சட்டியில் மணல், அதன்மேல் கேக் பாத்திரம். மூடிமேல் தணல். முக்கால் மணி. திறந்து திறந்து பார்க்காதீர்கள்' என்று எழுதியிருந்தாள்.

"இன்னிக்குத்தானே ஜூடித் பிறந்தநாள்?" என்றாள் பக்கத்துக் கட்டிலில் கட்டுப்போட்டுக்கொண்டிருந்த மூத்த நர்ஸ் பிரிஜெட். "இந்த வார்டுலேர்ந்து நீ கூட்டிட்டுப் போனப்ப ஒரு கையில தூக்கிடலாம். இப்ப எப்படி இருக்கா?"

"நல்லா சதை போட்டிருக்கா."

"நடக்கறாளா?"

"ஓடவே ஆரம்பிச்சுட்டா சிஸ்டர். பிடிக்க முடியல."

"சாப்பாடு?"

"ரொம்ப நாள் ஊட்டினாத்தான் வாயைத் திறப்பா. இப்ப தானே எடுத்துச் சாப்பிடறா. ராத்திரி அழுதுட்டே எழுந்துக்கறதும் நின்னுடுச்சு. பேச்சுதான் இன்னும் ரெண்டொரு வார்த்தையோட நிக்குது."

"வந்துடும். அந்தக் கத்தரியை இப்படிக் குடு."

பவுலின் ஜட்கா வண்டி பிடித்து வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி ஐந்தரை. வாசலில் செருப்புகள் குவிந்து கிடந்தன. கூப்பிட்டவர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். வெறும் தட்டுகளோடு அவர்கள் காத்திருப்பதை நினைத்துக் கால் தயங்கியது. ஆனால் உள்ளே அடி வைத்ததும் ஏலக்காயும் நெய்யும் மணத்தன.

அடுக்களையில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு புலாவு கிளறிக்கொண்டிருந்தவள் யூனிஸ்.

"அக்கா, உங்க முட்டி?"

"வலிக்கத்தான் செய்யுது. அதுக்காக என் மருமக பிறந்தநாளுக்கு எல்லாரும் பட்டினியோட திரும்பணுமா? போ, முகம் கழுவிட்டு வா."

மேஜைமேல் கேக் இருந்தது. ஒரு பக்கம் சற்றே சரிந்து, ஓரம் கொஞ்சம் கருகி, நடுவில் நன்றாக எழும்பிப் பொன்னிறமாக. மீசையில் ரவை ஒட்டியிருப்பது தெரியாமல் ரெமிஜியஸ் பக்கத்தில் நின்றார்.

"ஒரு தடவைகூடத் திறந்து பாக்கல. சத்தியமா. சட்டிகிட்டயே உக்காந்து ஜெபமாலை சொன்னேன், மூணு தடவை."

பவுலினுக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. கேக்கின் நடுவில் ஒற்றை மெழுகுவத்தியை நட்டுக் கொளுத்தினாள். இரண்டு சின்ன அறைகளில் முப்பது பேர். யாரும் வாசலோடு நின்று போய்விடவில்லை, எல்லாரும் உள்ளே வந்து நெருக்கியடித்து நின்றார்கள்.

"எங்க அவ? வரச் சொல்லுங்க," என்றார் ரெமிஜியஸ்.

கூட்டம் விலகி வழிவிட்டது. பர்மாவிலிருந்து குண்டுவீச்சுக்குத் தப்பி, காடும் மலையும் நடந்தே கடந்து, தன் பேரைத் தவிர பெற்றோரையோ பிறந்த நாளையோ சொல்லத் தெரியாமல் ஆஸ்பத்திரியில் கிடந்து, போன வருஷம் இதே தேதியில் பவுலினின் கையைப் பிடித்துக்கொண்டு இந்த வீட்டுப் படியேறிய ஒன்பது வயது ஜூடித் ஓடி வந்து மெழுகுவத்தியை ஒரே மூச்சில் ஊதி அணைத்தாள்.

"கத்தியைக் குடும்மா, நானே வெட்டறேன்," என்றாள்.