எழுத்தெழுத்தாக

"அனுப்பித் தொலையேன்யா! படகு போயிடும்!"

சித்தப்பா போட்ட சத்தத்தில் ரேடியோ சங்கத்து அறையே திரும்பிப் பார்த்தது. மெஷின் முன்னால் இருந்தவன் மட்டும் திரும்பவில்லை.

புயல் போன் கோபுரங்களைச் சாய்த்துவிட்டது. காலையில், பல நாளாகப் படுத்த படுக்கையாக இருந்த அவர் அண்ணன் கண்ணை மூடிவிட்டார். ஒரே மகள் தீவு ஆஸ்பத்திரியில் ஏதோ கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். கரண்ட் இல்லாமல் நாளை வரை உடம்பு தாங்காது. சாயங்காலப் படகை விட்டால் அவள் அப்பா முகத்தைப் பார்க்கவே முடியாது.

சொல்லியனுப்ப மிச்சமிருந்தது இந்த அறைதான்.

"ரேடியோவுல ரெண்டு வலை இருக்கு சார்," என்றார் சங்கத்துச் செயலாளர். "ஒண்ணு அரட்டை வலை. இங்க அடிக்கிற எழுத்து ஒவ்வொண்ணா அங்க திரையில விழும். எவ்வளவு இரைச்சல்லயும் போயிடும். இன்னொண்ணு அஞ்சல் வலை. முழுக் கடிதமா, யாருக்கோ அவங்க பெட்டிக்கே போகும். பாதியில அறுந்தா மறுபடி முதல்லேர்ந்து. மாசக்கணக்கா ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தாச்சு. இந்த வானிலைக்கு அரட்டைதான் சரி."

"அப்புறம் இவர் என்ன பண்றாரு?"

"இவனுக்கு அஞ்சல்னா உசிரு. அதான் ஆமைன்னு பேரு வெச்சிருக்கோம்."

ஆமை அஞ்சலைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தான். பாதி போய் அறுந்தது. மறுபடி அழுத்தினான். மறுபடி அறுந்தது.

பக்கத்துத் திரையில், அரட்டை வலையில், தீவிலிருந்து எழுத்துகள் விழுந்தன.

'எங்களுக்குச் செய்தி உண்டா?'

"பாரு, அவங்களே கேக்கறாங்க!" சித்தப்பா துள்ளினார். "அப்பா செத்துட்டாரு, உடனே வான்னு அடி. யாராவது அவகிட்ட சொல்லிடுவாங்க."

ஆமை ஒரே வார்த்தை அடித்தான். 'பொறுங்க.'

"என்னத்தைப் பொறுக்கறது?"

"அஞ்சல்ல போயிடும் ஐயா."

"உன் வலை ஜெயிக்கறதுக்கு எங்க வீட்டுச் சாவுதான் கிடைச்சுதா?"

அஞ்சல் மூன்றாவது முறையும் அறுந்தது. ஜன்னலுக்கு வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. அரட்டைக் கீபோர்டை நோக்கிக் கையை நீட்டினார். ஆமை அவர் மணிக்கட்டைக் கப்பென்று பிடித்தான்.

"பெரியவர் மேலயே கை வெக்கறியா?" செயலாளர் பாய்ந்து வந்தார். "யோவ், இன்னியோட உன்னைச் சங்கத்தை விட்டே தூக்கறேன் பாரு!"

"தூக்குங்க சார். இது போகட்டும்."

இன்னொரு கையால் அழுத்தினான். திரையில் பச்சைக் கோடு ஊர்ந்தது. பாதியில் தயங்கியது. அப்புறம் கடைசி வரை போய், 'சேர்ந்தது' என்று காட்டியது.

அப்போதுதான் மணிக்கட்டை விட்டான்.

சித்தப்பா திரையைக் குனிந்து பார்த்தார். அவருக்குத் தலைக்கேறியது.

"ஏன்டா, பொண்ணுக்குச் சொல்லச் சொன்னா ஆஸ்பத்திரி டாக்டருக்கு அனுப்பியிருக்கே?"

"டாக்டர் ரூம்ல தனிப் பெட்டி இருக்கு ஐயா. அவர்தான் படிப்பார்."

"அவர் எதுக்கு? அரட்டையில உட்கார்ந்திருக்கற ஆள்கிட்டச் சொல்லியிருந்தா எப்பவோ…"

"அந்த ஆளே உங்க வீட்டுப் பொண்ணுதாங்க."

சித்தப்பா அரட்டைத் திரையைத் திரும்பிப் பார்த்தார்.

"காலையிலேர்ந்து அந்தப் பக்கம் டைப் அடிக்கறது அதுதான். அப்பாவுக்கு முடியலை, வீட்டுல விசாரிச்சுச் சொல்லுங்கண்ணான்னு கேட்டுச்சு. நீங்க வந்து பேரைச் சொன்னதும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சாவுச் சேதி ஒவ்வொரு எழுத்தா அது கண்ணு முன்னாடி விழும். அங்க பக்கத்துல யார் இருக்காங்கன்னுகூட நமக்குத் தெரியாது. டாக்டர்னா நேர்ல போய்ப் பக்கத்துல உட்கார்ந்து சொல்வார்."

"டாக்டரைக் கூப்பிடுன்னு மட்டும் அடிச்சிருக்கலாமேய்யா," என்றார் செயலாளர். குரல் இறங்கியிருந்தது.

"அதுக்கு அர்த்தம் புரியாதா சார்?"

"எங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா ஐயா அதுகிட்டப் பேசியே ஆகணும்னு உட்கார்ந்திருப்பார்."

சித்தப்பா நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். "தம்பி… அஞ்சல் போகாமலே இருந்திருந்தா?"

"அந்தப் பயத்துலதான் நானும் உட்கார்ந்திருந்தேன்."

அரட்டைத் திரையில் மறுபடி எழுத்துகள் விழுந்தன.

'அண்ணா, அப்பாவைப் பத்தி ஏதாவது தெரி'

அதோடு நின்றது. அடுத்த எழுத்து வரவில்லை. மூன்று பேரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வரவே இல்லை.

"என்னாச்சு? கூப்பிடு தம்பி. கூப்பிட்டுப் பாரு," என்றார் சித்தப்பா.

ஆமை காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தான்.

கூப்பிடவில்லை.