அறுபத்தொரு டிகிரி

“எவ்ளோம்மா காட்டுது?”

“அம்பத்தெட்டு சார்” என்றாள் ஜெனிஃபா. சூடு காட்டும் மீட்டரை இன்னொரு முறை தட்டிப் பார்த்தாள்.

ஆம்பூரில் மக்பூல் அகமதுவின் ஷூ தொழிற்சாலை அது. தோல் வெட்டும் கம்ப்யூட்டர் மெஷினுக்கு எதிரே முதலாளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டு மாதமாக அந்த இத்தாலி மெஷின் அவரைப் படாத பாடு படுத்திக்கொண்டிருந்தது. உள்ளே இருக்கும் எலெக்ட்ரானிக் கார்டு சூடேறி எண்பத்தைந்து டிகிரியைத் தொடும். பதினொரு மணியானால் மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி மெஷின் படுத்துவிடும்.

ஜெனிஃபா வேலூரில் ஆராய்ச்சி மாணவி. தலைமுடியைவிட மெல்லிய கரி ஃபிலிம் ஒன்றோடு நான்கு வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். செம்பைவிட வேகமாக அது சூட்டைக் கடத்தும் என்று கல்லூரியில் அளந்து காட்டியாகிவிட்டது. அந்தக் கார்டில் இருக்கும் சிப்பின்மேல் அதை ஒட்டினால் மெஷின் நிற்காது என்று இங்கே நிரூபிக்க வேண்டும். நிரூபித்தால், இன்னும் இரண்டு வருட ஆராய்ச்சிச் செலவை ஏற்பதாக மக்பூல் அகமது கடிதம் கொடுப்பார். உதவித்தொகை இந்த மாதத்தோடு நிற்கிறது. கடிதம் கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

“மணி பதினொண்ணு பத்து. இந்நேரம் நின்னு போயிருக்கணும் முதலாளி” என்றார் மெக்கானிக் சர்தார் பாஷா. “காலைல இந்தப் பொண்ணு பொட்டியத் தொறந்து அரை மணி நேரம் உள்ள இன்னாவோ பண்ணிச்சு. அவ்ளோதான், பேஜார் தீந்துச்சு!”

ஜெனிஃபா மீட்டரிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. ஐம்பத்தொன்பது. மறுபடி ஐம்பத்தெட்டு. கர்த்தரே என்று மனத்துக்குள் முனகினாள்.

“ஏம்மா பயப்படுறே? நல்லாத்தானே ஓடுது?” என்றார் முதலாளி.

“பன்னண்டு வரைக்கும் பாப்போம் சார்.”

பன்னிரண்டும் ஆனது. அறுபத்தொன்று. அதற்குமேல் ஏறவே இல்லை. மெஷின் பாட்டுக்குத் தோலை வெட்டித் தள்ளியது. சர்தார் பாஷா கைதட்டினார். மற்ற மேசைகளில் இருந்தவர்கள் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். ஜெனிஃபாவின் கண் கலங்கிவிட்டது.

“அழுவாதம்மா! எனக்கே சந்தோஷத்துல பேச்சு வரல” என்ற மக்பூல் அகமது, தயாராக இருந்த கடிதத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

“சார், இருங்க. நாளைக்கும் ஒருவாட்டி ஓட்டணும். ரெண்டு நாளையும் சேத்து வெச்சுப் பாத்தாதான்...”

“நாளைக்கு எதுக்கு? அதான் கண்ணால பாத்துட்டேனே!”

பேனா முனை தாளைத் தொட்டது. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், இரண்டு வருடம் கைக்கு வந்துவிடும். ஜெனிஃபா பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து அவர் முன்னால் திறந்து வைத்தாள். இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவே கரி ஃபிலிம் வைத்தது வைத்தபடி இருந்தது.

“இதை நாளைக்குத்தான் சார் ஒட்டணும். இது இல்லாம எவ்ளோ சூடாவுதுன்னு பாக்கத்தான் இன்னிக்கு ஓட்டுனது. காலைல உள்ள அடைச்சிருந்த தோல் தூசிய மட்டும் தொடைச்சேன்.”